நிலவின் சொச்சம்

1825ஆம் ஆண்டு. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறார். பக்கத்திலிருந்து குறிப்பெடுப்பவர் கர்னல் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர். பஞ்சாங்கக்காரரிடம் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. அட்டவணைகள் மொத்தமும் மனப்பாடம். ஒன்றைச் சொல்லிக்கொண்டே சில சோழிகளைச் சேர்க்கிறார், வேறொன்றைச் சொல்லிக்கொண்டே சிலவற்றை எடுக்கிறார். கடைசியில் தரையில் மிஞ்சுவதுதான் விடை. இவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம் என்று வாரன் எழுதிவைத்தார். அந்த ஆண்டு சென்னையில் அச்சான அவருடைய 'காலசங்கலித' நூலில் இது இருக்கிறது.

அந்த மே 31ஆம் தேதி இரவு கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரங்களை நிஜ நேரங்களோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. முதல் பிசகு ஒரு பக்கம், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம். ஆகவே கிரகணம் நீடித்த நேரத்தில் மட்டும் 56 நிமிடம் தவறியது.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு கிரகணம் உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769இல் புதுச்சேரி வானத்தில் மேகம் மூடியதால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் குய்யோம் லெ ஜாந்தி, காத்திருந்த நாட்களை வீணாக்காமல் உள்ளூர்த் தமிழர்களிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை எடுத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார். தமிழ் முறை கிரகணம் நீடித்த நேரத்தை 41 விநாடி குறைத்துச் சொல்லியிருந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணை, டோபியாஸ் மேயருடையது, 68 விநாடி கூட்டிச் சொல்லியிருந்தது.

லெ ஜாந்தியின் கணக்கை மட்டும் எடுத்துச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் உண்டு. வாரனின் கணக்கை மட்டும் சொல்லி உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே மரபின் கணக்கு ஒருமுறை 41 விநாடியில் வந்து நிற்கிறது, இன்னொருமுறை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. நிலவு பூமியின் நிழலை ஓரமாக உரசிப்போகும் கிரகணங்களில் சின்னப் பிசகும் நேரத்தைப் பெரிதாக இழுத்துவிடும் என்பது இதில் ஒரு பாதி. மறுபாதிதான் முக்கியம். இந்த முறை எந்த ரகம், விநாடியா மணியா என்று கிரகணத்துக்கு முன்பு அந்தப் பஞ்சாங்கக்காரரால் சொல்லியிருக்க முடியாது. தோராயக் கணக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது, 'இது எவ்வளவு தப்பாக இருக்கலாம்' என்ற கேள்விக்குப் பதில் கையில் இருப்பதுதான்.

நிலவுக்குத் துல்லியமான சூத்திரம் கிடையாது. அன்று இல்லாதது மட்டுமல்ல, இன்றும் இல்லை. பூமி மட்டும் நிலவை இழுத்தால் பாதை ஒரு நீள்வட்டம், கணக்கு முடிந்தது. சூரியனும் சேர்ந்து இழுப்பதால் அந்த நீள்வட்டம் நெளிகிறது, திரும்புகிறது, சாய்கிறது. மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது எந்த நேரத்துக்கும் எண்ணைப் போட்டு உடனே விடை எடுக்கிற எளிய வாய்பாடு அமையாது என்பதை 1890 வாக்கில் ஆன்ரி பொயன்காரே தெளிவாக்கினார். எனவே நிலவைக் கணக்கிடுகிறவர் யாராக இருந்தாலும் தோராயம் செய்தே ஆகவேண்டும்.

அந்தப் பஞ்சாங்கக்காரரின் தோராயம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நிலவு சில நாள் வேகமாக ஓடுகிறது, சில நாள் மெதுவாக நகர்கிறது. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது நாளுக்குச் சுமார் 12 பாகை, கிட்டத்தில் வரும்போது 14 பாகைக்கும் மேல். மெதுவிலிருந்து வேகத்துக்குப் போய் மறுபடி மெதுவுக்கு வர ஆகும் காலம் 27.55455 நாள். இது முழு எண்ணாக இல்லாததுதான் தொல்லை. ஆனால் இதை 9ஆல் பெருக்கினால் 247.991 வருகிறது. 248 நாள் என்று வைத்துக்கொண்டால் பிசகு வெறும் 13 நிமிடம். அதாவது 248 நாளுக்கு ஒருமுறை நிலவின் வேகம் அதே வரிசையில் திரும்ப வருகிறது. ஆகவே 248 நாளுக்கு நாளொன்றாக நிலவு எங்கே இருக்கும் என்று ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டால், பிறகு எந்த நாளுக்கும் அதே பட்டியல் போதும்.

அந்த 248 எண்களைத்தான் 248 சின்னச் சின்ன வடமொழிச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு பாகை, கலைக் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கைச் சுமக்கும். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இங்கிருந்து வந்தது. மரபு இவற்றை வரருசி பெயரில் சொல்கிறது. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. இரண்டாவது 24 பாகை 9 கலை. முதல் நாள் 12 பாகை 3 கலை போன நிலவு மறுநாள் 12 பாகை 6 கலை போயிருக்கிறது. மெதுவான இடத்திலிருந்து மெல்ல வேகமெடுக்கிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது.

13 நிமிடம் அற்பம்தான். ஆனால் 248 நாளுக்கு ஒருமுறை 13 நிமிடம் சேர்ந்துகொண்டே போனால் சில ஆண்டுகளில் கணக்கு கவிழ்ந்துவிடும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 110 சுற்றுக்கு 3031 நாள். இதில் பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இன்னும் பெரிதாக 449 சுற்றுக்கு 12,372 நாள். கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களை எண்ணி, நிலையான ஒரு பெரிய எண்ணைக் கழித்துவிட்டு, மீதியை 12,372ஆல் வகுப்பார்கள். அதன் மீதியை 3031ஆல். அதன் மீதியை 248ஆல். கடைசியில் நிற்கும் மீதி எத்தனையாவது வாக்கியம் என்று சொல்லும். ஒவ்வொரு வகுத்தலுக்கும் சேர்க்கவேண்டிய ஒரு துருவம் உண்டு. ஒரு 248 நாளுக்கு அது 27 பாகை 44 கலை. கூட்டினால் நிலவு நிற்கும் இடம்.

தோராயம் செய்வதில் இதைவிட நேர்த்தியான வேலையைக் காண்பது அரிது. முழு எண்ணில் அடங்காத ஒரு காலத்தை 248/9, 3031/110 என்று மிக நெருங்கிய பின்னங்களால் பிடிப்பதை இன்று கல்லூரியில் தொடர்பின்னம் என்று கற்றுத்தருகிறார்கள். 248 நாளுக்கு 9 சுற்று என்ற உறவு பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. 3031 எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் இருக்கிறது. வாரனின் நூலைப் படித்த வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகேபவர், 1952இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் வியந்தது அந்தப் பிசகுகளைப் பார்த்தல்ல. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு புழங்கிய கணிதம் ஒருவருடைய விரல்நுனியில் 1825 வரை உயிரோடு இருந்ததைப் பார்த்து.

அப்படியானால் வாக்கியங்கள் பெரிதாகத் தவறுவது எங்கே? வாக்கியங்கள் நிலவின் ஓட்டத்தில் ஒரே ஒரு நெளிவைத்தான் கணக்கில் எடுக்கின்றன. நீள்வட்டத்தால் வரும் நெளிவு நிலவைச் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் 6.3 பாகை வரை முன்னும் பின்னும் தள்ளும். சூரியனின் இழுப்பால் வரும் இரண்டாவது நெளிவு 1.3 பாகை. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டாவது முதலாவதிலிருந்து கழிகிறது. மிஞ்சுவது 5 பாகை. நம் முன்னோர் நிலவை அளந்தது பெரும்பாலும் கிரகணங்களை வைத்து. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். எனவே அவர்கள் கணக்கில் நிற்பது அந்த 5 பாகை. பௌர்ணமிக்கு அது சரி. அஷ்டமிக்கு? அன்று இரண்டு நெளிவும் ஒரே பக்கம் சேர்ந்து ஏழரைப் பாகை வரை போகலாம். வாக்கியம் அப்போதும் ஐந்தையே சொல்லும். இரண்டரைப் பாகை வித்தியாசம் திதிக் கணக்கில் சுமார் ஐந்து மணி நேரம். வாக்கியப் பஞ்சாங்கத்தையும், இன்றைய வானியல் கணக்கில் போடும் திருக்கணிதத்தையும் அருகருகே விரித்து வைத்துப் பாருங்கள். அமாவாசை கிட்டத்தட்ட ஒத்துப்போகும்; அஷ்டமி நவமியில்தான் சண்டை. காரணம் இதுதான்.

அந்த இரண்டாவது நெளிவு இந்திய மரபுக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. 932இல் மஞ்ஜுளர் 'லகுமானசம்' நூலில் அதற்கு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார். வாக்கியங்களில் அது ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்றால், 248 எண்ணை மனப்பாடம் செய்துவிட்ட ஒரு தொழிலில் ஒவ்வோர் எண்ணையும் மாற்றச் சொல்வது லேசுப்பட்ட காரியமல்ல என்பது என் ஊகம்.

மரபு முழுக்கத் தூங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடா வட்டாரத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மாதவர், 14ஆம் நூற்றாண்டில், அதே 248 வாக்கியங்களையும் விகலை அளவுக்குத் துல்லியமாக்கிப் புதிதாக எழுதினார். அவர் வழியில் வந்த பரமேஸ்வரர் பத்துக்கணக்கான ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, கணக்கு கண்ணோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற புதிய முறையை வகுத்தார். இன்று பஞ்சாங்க அட்டையில் நாம் பார்க்கும் சொல் அன்றைய நூலின் பெயர். 1500ஐ ஒட்டித் தமிழகத்தில் வாக்கியக் கணிதத்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர் கேரளத்து வானியலாளர் நீலகண்டருக்குக் கேள்விகள் அனுப்பினார். அவரும் பதில் எழுதினார். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்போது பேச்சுவார்த்தை இருந்தது.

மாதவரிடம் இன்னொன்றும் இருந்தது. அதை நான் பெரிய திருப்பமாகவே நினைக்கிறேன். வட்டத்தின் சுற்றளவுக்கு அவர் மரபு தரும் தொடர் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போகும். கூட்டி 4ஆல் பெருக்கினால் பை வர வேண்டும். அழகான தொடர்தான், ஆனால் நத்தை வேகம். பத்து உறுப்பு கூட்டினால் 3.0418 வருகிறது. பள்ளிப் பையன் சொல்லும் 3.14ஐக் கூட எட்டவில்லை. மாதவர் மரபு இங்கே ஒரு கேள்வி கேட்டது: பத்தாவது உறுப்போடு நிறுத்திவிட்டால் விட்டுப்போன சொச்சம் எவ்வளவு? அந்தச் சொச்சத்துக்கே ஒரு தோராயம் கண்டுபிடித்தார்கள். எளிய திருத்தத்தைச் சேர்த்தால் 3.14184. அடுத்த திருத்தத்தைச் சேர்த்தால் 3.1415902. மூன்றாவதைச் சேர்த்தால் 3.1415927. அதே பத்து உறுப்புகள்தான். கூட்டலை நீட்டவே இல்லை. விட்டுப்போனது எவ்வளவு என்று யோசித்ததில் மட்டும், முதல் தசமத்திலேயே பிசகிய விடையிலிருந்து ஏழு தசமத்துக்கு வந்துவிட்டார்கள். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷை' இவற்றுக்கு நிரூபணமும் தருகிறது.

இதை 7ஆம் நூற்றாண்டின் பாஸ்கரரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அட்டவணை இல்லாமல் சைன் மதிப்பை எடுக்க அவர் ஒரு பின்னச் சூத்திரம் தந்தார். கோணத்தையும் 180இல் அது போக மீதியையும் பெருக்கி நான்கால் பெருக்குங்கள். 40,500இலிருந்து, நான்கால் பெருக்கும் முன்பிருந்த பெருக்கற்பலனைக் கழித்து, அதனால் வகுங்கள். 30 பாகைக்குப் போட்டால் சரியாக அரை. 10 பாகைக்கு 0.1753, உண்மை 0.1736. எங்கே போட்டாலும் ஏறக்குறைய இதே அளவுக்குள்தான் பிசகுகிறது. அற்புதமான சூத்திரம். ஆனால் எவ்வளவு பிசகும் என்று அதனுடன் ஒரு வரி இல்லை. நாம்தான் இன்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறோம்.

ஐரோப்பாவிலும் நிலவுக்கு நீண்ட நாள் இதே பாடுதான். ஷார்ல் தெலோனே இருபது ஆண்டு ஒரே கணக்கில் உட்கார்ந்து, 1860இலும் 1867இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். எர்னஸ்ட் பிரவுன் 1919இல் வெளியிட்ட அட்டவணைகளில் நிலவின் ஓட்டத்துக்குச் சுமார் 1500 நெளிவுகள். நம்முடைய ஒன்று எங்கே, அந்த ஆயிரத்து ஐந்நூறு எங்கே. அத்தனையையும் கையால் கூட்டி ஆண்டுதோறும் கப்பலோட்டிகளுக்கான பஞ்சாங்கம் போடுவது ஆட்களை மென்று தின்னும் வேலை. லண்டனில் லெஸ்லி கோம்ரி அந்த எண்களைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி, கணக்குப்பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஹோலரித் இயந்திரத்தில் ஓடவிட்டார். சுமார் 5 லட்சம் அட்டைகள். 1935 முதல் 2000 வரை நிலவு எங்கே என்பது அதில் அடங்கியது.

1500 நெளிவு போட்டும் நிலவு பிரவுனின் அட்டவணைக்குள் அடங்கவில்லை. காரணம் தெரியாமல், அளவுக்கு ஒத்துவரட்டும் என்று ஒரு கூடுதல் உறுப்பை அவர் ஒட்டவைக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய பிசகு அற்பம்தான். ஆனால் அது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்ததால், எங்கிருந்து வருகிறது என்று தேட முடிந்தது. 1939இல் ஹெரால்டு ஸ்பென்சர் ஜோன்ஸ் சூரியன், புதன், வெள்ளி எல்லாமே அதே மாதிரிப் பிசகுவதைக் காட்டினார். நிலவின் மீது குற்றமில்லை. நேரத்தை அளக்க நாம் நம்பிய கடிகாரம், அதாவது பூமியின் சுழற்சி, சீராக ஓடவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியக் கணக்கின் துல்லியத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குக் கொண்டுவர முயன்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டவர், 1868 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தவர், 1874இல் வெள்ளி கடப்பது பற்றி இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டவர். லண்டன் பஞ்சாங்கத்தின் எண்களை வைத்து உள்ளூர்த் திதி நட்சத்திரங்களைக் கணித்து ஆண்டுதோறும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். எதிர்ப்பும் கிளம்பியது. அவர் 1880இல் காலமானார். இந்திய அரசு மேகநாத் சாஹா தலைமையில் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அறிக்கை தந்தது 1955இல். முக்கால் நூற்றாண்டு இடைவெளி.

இன்று நிலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கலிபோர்னியாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் சூத்திரத்தைத் தேடும் வேலையையே கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சூரியன், கோள்கள், நிலவு, நூற்றுக்கணக்கான சிறுகோள்கள் எல்லாம் இந்தக் கணம் எங்கே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, சின்னதாக ஒரு காலடி முன்னால் நகர்த்துவார்கள். மறுபடி இழுப்பைக் கூட்டி, மறுபடி ஒரு காலடி. இப்படியே நூற்றாண்டுகள். ஒவ்வொரு காலடியும் ஒரு தோராயம். காலடியைச் சிறிதாக்கினால் பிசகு எந்த விகிதத்தில் குறையும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும். சரியா என்று பார்க்க நிலவிலேயே அளவுகோல் இருக்கிறது. 1969இல் அப்பல்லோ 11 வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்மீது லேசர் ஒளியை அடித்து, திரும்பி வர ஆகும் நேரத்தை அளந்து, 3,84,400 கிலோமீட்டர் தூரத்தைச் சென்டிமீட்டர் அளவில் பிடிக்கிறார்கள். நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போவது அதனால்தான் தெரிகிறது.

இப்படி ஓடி முடித்த கணக்கை எப்படிச் சேமித்து வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். காலத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சில எண்களை அட்டவணையில் போட்டு வைக்கிறார்கள். நிலவுக்கு 4 நாள் ஒரு துண்டு, ஒவ்வோர் அச்சுக்கும் 13 எண்கள். வேண்டிய நாள் எந்தத் துண்டில் விழுகிறது என்று கண்டு, அந்த எண்களை எடுத்து, பெருக்கிக் கூட்டினால் நிலவு நிற்கும் இடம். நாளைக் கொடு, மீதியைக் கண்டுபிடி, அட்டவணையில் தேடு, கூட்டு. சோழிக்காரரின் வேலைத்திட்டம் அப்படியே இருக்கிறது. 2021இல் வெளியான டிஇ440 அட்டவணை 1550 முதல் 2650 வரை இப்படித்தான் அடைக்கப்பட்டிருக்கிறது.

அந்த 13 எண்களுக்குப் பின்னால் இருப்பது ரஷ்யக் கணிதர் பாஃப்னூட்டி செபிஷேவின் பல்லுறுப்புக் கோவைகள். நீராவி இயந்திரத்தில் தண்டு நேர்கோட்டில் ஏறி இறங்க வேண்டும். கீல்களால் செய்த அமைப்பு கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். அந்தக் கோணல் எந்த இடத்திலும் ஓர் அளவைத் தாண்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று 1854இல் அவர் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது. பிசகை ஒழிப்பது அவர் நோக்கமல்ல. ஓரிடத்தில் குவியவிடாமல் துண்டு முழுக்கச் சமமாகப் பரப்பி, 'எங்கே பார்த்தாலும் இதற்குமேல் தப்பாது' என்று ஒரு வரம்பு கட்டுவதுதான் நோக்கம். கைப்பேசியில் சைன் மதிப்பு கேட்டாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரியான வேலைதான். நிரல் எழுதுகிறவருக்கு அந்தக் கோட்பாடு தெரிய வேண்டிய அவசியமில்லை. வாரன் இன்றிருந்தால், கோட்பாடு தெரியாமல் கணக்குப் போடுகிறவர்கள் என்று நம் ஐ.டி. கம்பெனிகளைப் பற்றியும் எழுதியிருப்பார்.

வரம்பை மறந்தால் இன்றும் கவிழ்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளம், பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தளத்தின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது, 24 இலக்கத்தோடு வெட்டியிருந்தார்கள். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் வெட்டிய சொச்சம் சேர்ந்து 0.34 விநாடி ஆனது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டர் போய்விடும்.

பிசகு சேர்ந்துகொண்டே போவதற்கு நம்மூர் உதாரணம் சனி. வாக்கியக் கணக்கில் சனியின் வேகத்துக்கு வைத்த எண்ணில் உள்ள துளி வித்தியாசம் நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாமல் குவிந்திருக்கிறது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாறு கோயிலில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20. அடுத்த பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று திருக்கணிதம் சொன்னபோது, தாங்கள் வாக்கிய முறையைப் பின்பற்றுவதால் 2026இல்தான் பெயர்ச்சி என்று கோயில் நிர்வாகம் விளக்கம் தர வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தைப் பத்திரிகைகள் வாக்கியத்துக்கு ஒன்று, திருக்கணிதத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் போடுகின்றன. வழிபாட்டுக்கு எந்த நாள் என்பது கோயில் மரபின் விஷயம், அதில் கணிதம் மூக்கை நுழைக்கத் தேவையில்லை. சனி வானத்தில் எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் உண்டு, தொலைநோக்கி வைத்திருப்பவர் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால்தானோ என்னவோ, பல வாக்கியப் பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் இன்றைய வானியல் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகின்றன. திதி முடிகிற நேரம் யார் கண்ணுக்கும் தெரியாது. கிரகணத்தை மொட்டைமாடியில் நின்று குழந்தையும் கைக்கடிகாரத்தோடு பார்க்கும்.

இன்றைய அட்டவணைகளுக்கும் எல்லை உண்டு, அது எங்கே என்று தெரியும் என்பதே வேறுபாடு. ஜாக் லஸ்கார் 1989இல் காட்டியபடி, பூமி இன்று நிற்கும் இடத்தில் 15 மீட்டர் பிசகு வைத்துக் கணக்கை ஓட்டினால், ஒரு கோடி ஆண்டில் அது 150 மீட்டர். பத்துக் கோடி ஆண்டில் 15 கோடி கிலோமீட்டர், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். அதற்கு மேல் எந்தக் கணினியாலும் பூமி எங்கே என்று சொல்ல முடியாது.

பஞ்சாங்க மென்பொருள் விற்பவர்கள் இப்போது இரண்டு பொத்தான் வைக்கிறார்கள், ஒன்று திருக்கணிதம், மற்றொன்று வாக்கியம். வாக்கியத்தைத் தட்டினால் கணினி கலிநாளை எண்ணி, 12,372ஆல் வகுத்து, 3031ஆல் வகுத்து, 248ஆல் வகுத்து, தசமத்துக்குப் பின் பதினைந்து இலக்கச் சுத்தத்தோடு, அஷ்டமியன்று இரண்டரைப் பாகை வரை தப்பான இடத்தைக் கண் இமைப்பதற்குள் கொடுத்துவிடுகிறது.